அண்ணன் நெஞ்சிலிருந்த பேட்டரி

1979-இல் மதுரையில் என் அண்ணனுக்கு பேஸ்மேக்கர் வைத்தார்கள். இடது தோளுக்குக் கீழே, தோலுக்கடியில், தீப்பெட்டி அளவுக்குப் புடைத்திருக்கும். சில ஆண்டுகளில் அதன் பேட்டரி தீரும், அப்போது மறுபடி கீறி வேறு கருவி வைக்க வேண்டும் என்று டாக்டர் அன்றே சொல்லியிருந்தார்.

1984 ஆடியில் பேட்டரி தளர்ந்துவிட்டது. டாக்டர் உடனே வந்து சேரச் சொன்னார். அண்ணனோ போடிமெட்டுக்கு மேலே எங்கள் ஏலத்தோட்டத்துக்குப் போய்விட்டார். காய் எடுப்பு தொடங்கியிருந்தது. ஏலக்காய் ஒரே தடவையில் முதிராது. மாதத்துக்கொரு முறை அதே செடிக்குத் திரும்ப வேண்டும்.

"இந்த எடுப்பு முடியட்டும், வர்றேன்" என்றார். ஆவணி எடுப்பிலும், புரட்டாசி எடுப்பிலும் அதையே சொன்னார். மதினி ஜீப்பு பிடித்துத் தோட்டத்துக்கே போய்விட்டார்.

"காய்க்குப் பக்குவம் பாக்கத் தெரியுது, ஒங்க நெஞ்சுக்குத் தெரியலயாக்கும்?"

"ஓடுற கடியாரத்தை எவன்டி கழட்டுவான்? வெரசா கஞ்சியக் கொண்டா" என்று சிரித்தாராம்.

ஐப்பசியில் காய் உலர்த்தும் கொட்டகையில் மயங்கி விழுந்தார். ஜீப்பில் இறக்கினோம். மலைப்பாதை முடிவதற்குள் உயிர் போய்விட்டது.

கருவியோடு எரித்தால் சிதையில் வெடிக்கும் என்று போடி டாக்டர் எச்சரித்தார். அவரே வீட்டுக்கு வந்து, பழைய தழும்பின்மேல் கீறி, பத்தே நிமிஷத்தில் அதை வெளியே எடுத்தார். கை கழுவ வந்தவரிடம் மதினி கேட்டார்:

"இம்புட்டு நேரந்தானா ஆகும்?"