மூன்றாம் முறை எழுதிய புள்ளியியல் தாள்

செக்கர் அக்கா என்றால்தான் தொழிற்சாலையில் எல்லோருக்கும் தெரியும். இருபது வருடமாகச் சட்டை சரிபார்க்கும் மேசை முன்னால் நிற்பவள். காலர், கை, பொத்தான், மடிப்பு என்று ஒரு சட்டையை முக்கால் நிமிடத்தில் புரட்டிவிடுவாள். பழுது கண்ணில் பட்டால் அங்கே ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர். சட்டை ஓரத்துக் கூடைக்குப் போகும். அதைப் பிரித்துத் தைப்பது வேறொருவர் பாடு.

அந்த மேசைக்கு ஸ்டூல் கிடையாது. உட்கார்ந்தால் கண் அசந்துவிடும் என்பது சூப்பர்வைசரின் சித்தாந்தம். நின்று நின்று அவள் கெண்டைக்கால் நரம்பு கயிறாய் முறுக்கிக்கொண்டது. ஆபீஸ் அறையில் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும் வேலை ஒன்று உண்டு. அதற்குப் பட்டம் வேண்டும். அந்த நாற்காலிக்காகத்தான் நாற்பது வயதில் அஞ்சல்வழிக் கல்லூரியில் சேர்ந்தாள். ஆறு வருடத்தில் எல்லாத் தாளும் தேறியாயிற்று, புள்ளியியலைத் தவிர. அதில் இரண்டு முறை கோட்டை விட்டாயிற்று. இந்தத் தடவையும் போனால் பதிவு காலாவதி. மறுபடி முதலிலிருந்து தொடங்க உடம்பில் தெம்பில்லை.

பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடி படித்தாள். பாத்திரம் தேய்க்கும்போது சூத்திரங்களை முணுமுணுத்தாள்.

"என்ன, எனக்கா சாபம் விடற?" என்றார் கணவர்.

"உங்களுக்குன்னா வாய்விட்டே விடுவேனே."

பரீட்சைக்கு முந்தின வாரம், டீ இடைவேளையில், கத்திரி என்று எல்லோரும் கூப்பிடும் தோழி கேட்டாள். பிசிறு நூல் வெட்டுகிறவள். வாயும் அதே ரகம்.

"எல்லாம் தெரியுதுங்கற. அப்புறம் எப்படிக்கா ஃபெயிலாகற?"

"முதல் கணக்கைப் போடுவேன்டி. திரும்பிப் பார்த்தா எங்கயோ தப்பு இருக்கற மாதிரியே இருக்கும். அடிச்சிட்டு மறுபடி போடுவேன். அதுலயும் சந்தேகம் வரும். நாலாவது கணக்குக்கு வர்றதுக்குள்ள மணி அடிச்சிடறாங்க."

கத்திரி டம்ளரைக் கீழே வைத்தாள். "நீ எப்பக்கா தையல் பிரிக்கற வேலைக்கு மாறின? இங்க அம்பை ஒட்டிட்டு அடுத்த சட்டைக்குப் போற. அங்க போய் ஒரே சட்டையைக் கட்டிக்கிட்டு அழற."

அக்காவுக்குச் சுருக்கென்றது. டம்ளரைக் கழுவி வைத்தாள்.

பரீட்சை அறையில் மூன்று மணி நேரம் உட்கார இடம் கிடைத்ததே பெரிய சுகமாக இருந்தது, கண் சொக்கியது. முதல் கணக்கை முடித்தாள். வழக்கம்போல் விடை உறுத்தியது. அடிக்கப் போன கையை இழுத்துப் பிடித்து, ஓரத்தில் பென்சிலால் சின்னதாக ஓர் அம்பு போட்டாள். அடுத்தது. அதற்கும் அம்பு. எட்டுக் கணக்கும் முடிந்தபோது ஐந்து அம்புகள், இருபது நிமிடம் மிச்சம். திரும்பிப் போய்ப் பார்த்தாள். இரண்டில்தான் நிஜமாகவே பழுது. திருத்தினாள். மற்ற மூன்றும் நல்ல சட்டைகள். போன தடவைகளில் இப்படி எத்தனையைக் கிழித்திருப்பாளோ.

இரண்டு மாதம் கழித்து, டீ மணி அடிக்கும்போது போனில் முடிவு வந்தது. தேற நாற்பது வேண்டும்; அவளுக்கு ஐம்பத்திரண்டு. கத்திரிதான் கத்தினாள். அக்காவுக்குக் கத்தவும் தெம்பில்லை. கத்திரியின் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். டீ முடிந்து மறுமணி அடித்தும் எழவில்லை.

சூப்பர்வைசர் வந்து நின்றார். "என்னம்மா இது, உட்கார்ந்துட்ட?"

"ரெண்டு நிமிஷம் சார்," என்றாள் செக்கர் அக்கா, காலை நீட்டிக்கொண்டு. "பழகிப் பார்க்கறேன்."