மெரிலேண்ட்ஸுக்கு வராமற்போன ஓர்கன்

சென்ற ஆண்டு தவக்காலம் தொடங்குவதற்கு இரு வாரங்கள் முன்பு, சிட்னியின் மெரிலேண்ட்ஸில் நாங்கள் மாதந்தோறும் தமிழ்த் திருப்பலி ஒப்புக்கொடுக்கும் தேவாலயத்தில் இந்த விடயம் ஆரம்பமாயிற்று. அதைச் சொல்லுமுன், அந்நாளில் எனக்கிருந்த நிலையைக் கூறிவிடுவது முறை. யாழ்ப்பாணத்தில் ஒரு கத்தோலிக்கக் கல்லூரியில் கற்று, அங்கேயே கணிதம் கற்பித்து, உப அதிபராக ஓய்வு பெற்றவன் நான். இந்நாட்டுக்கு வந்த பின் பத்தொன்பது ஆண்டுகளாக எங்கள் தமிழ்ப் பாடகர் குழுவின் தலைவன். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆங்கிலக் கடிதம் எழுதுவதில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. நான் எழுதிக் கொடுத்த கடிதத்தைக் குடிவரவு அலுவலகத்தில் சமர்ப்பித்து, பிரிந்திருந்த மனைவி மக்களோடு சேர்ந்தவர்கள் எங்கள் தேவாலயப் பங்கிலேயே இருக்கிறார்கள். மெல்பேர்னிலிருந்துகூடக் கடிதம் கேட்டுத் தொலைபேசியில் அழைப்பார்கள்.

பாடகர் குழுவைக் கண்டிப்பதற்கு என்னிடம் ஒரு நிரந்தர வாசகமும் இருந்தது. சுருதி விலகினாலும் நேரம் தவறி வந்தாலும், "ஐரோப்பாவில் இப்படிப் பாடினால் கோயிலை விட்டுக் கலைத்துத் துரத்திவிடுவார்கள்" என்பேன். நான் ஐரோப்பாவுக்குப் போனதில்லை. ஆயினும் அங்கே ஒவ்வொரு சிற்றூரிலும் ஒரு பெரிய தேவாலயமும், அதில் குழாய்களில் காற்றூதி இசைக்கும் ஒரு பெரிய ஓர்கனும், அதற்குக் கீழே நிமிர்ந்து நின்று பிழையின்றிப் பாடும் ஒரு கூட்டமும் உண்டு என்பதில் எனக்கு ஐயமே இருக்கவில்லை.

அன்று திருப்பலி முடிந்ததும், கடைசி வாங்கில் அமர்ந்திருந்த வெள்ளைக்கார அம்மையார் ஒருவர் எழுந்து நேராகப் பாடகர் குழுவிடம் வந்தார். எழுபதை நெருங்கும் வயது. வந்தவர் வணக்கம் சொல்லவில்லை. விரலை நீட்டி எங்களை ஒவ்வொருவராக எண்ணத் தொடங்கினார்.

"முப்பத்தொன்று" என்றார். "இவர்கள் எல்லோரும் ஒவ்வொரு முறையும் வருகிறார்களா?"

"வராதவர்கள் எனக்குக் காரணம் சொல்ல வேண்டும்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. அவருடைய கண்கள் நனைந்திருந்தன. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

மண்டபத்தில் தேநீரோடு இருத்தி வைத்துக் கேட்டபோதுதான் விபரம் தெரிந்தது. நெதர்லாந்தின் தென்பகுதியில் ஒரு சிற்றூரின் தேவாலயத்தில் முப்பத்துநான்கு ஆண்டுகள் ஓர்கன் வாசித்தவர் அவர். சிட்னியில் வசிக்கும் மகளிடம் சில வாரங்களுக்கு வந்திருக்கிறார். அவருடைய தேவாலயத்துக்கு ஆட்கள் வருவது நின்றுபோனதால் பங்குகளை ஒன்றாகச் சேர்த்து அந்தக் கட்டடத்தை மூடிவிட்டார்கள். அது செயற்கைப் பாறை ஏறிப் பழகும் கூடமாக மாறப் போகிறதாம். அவருடைய பாடகர் குழுவில் கடைசியில் எஞ்சியவர்கள் ஏழு பேர். அவர்களில் மிக இளையவருக்கு அறுபத்தாறு வயது. நகரசபை இசைப் பள்ளிக்குக் கொடுத்த உதவியை நிறுத்தியதும் அவர் நடத்திய ஓர்கன் வகுப்பையும் மூடிவிட்டார்கள். இறுதிச் சடங்குகளுக்கு இப்போது ஒலிப்பதிவையே போடுகிறார்களாம். இந்த அம்மையார் பாதி நாள் ஒரு பூங்கன்றுக் கடையில் வேலை செய்கிறார்.

"உங்கள் ஊரிலா?" என்று இரு முறை கேட்டேன். வேறு ஏதோ கண்டத்தைப் பற்றிப் பேசுகிறார் போலும் என்று எனக்குப் பட்டது.

எங்கள் குழுவின் செயலாளர், மருத்துவமனையில் தாதியாகப் பணிபுரியும் மன்னார்ப் பெண், பக்கத்தில் நின்று கேட்டுவிட்டு என் காதருகே, "சேர், அங்க கலைக்கிறதுக்கே ஆக்கள் இல்லையாம்" என்றார்.

இதற்கிடையே எங்கள் பெண்கள் அம்மையாரின் தட்டில் இரண்டாவது துண்டு கேக்கை வைக்கப் போனார்கள். அவர் வேண்டாம் என்றார். வைத்தார்கள். உண்மையாகவே வேண்டாம் என்றார். "சும்மா சாப்பிடுங்கோ" என்று மூன்றாவது துண்டையும் வைத்தார்கள். அதற்கும் வேண்டாம் என்றவர், தட்டைப் பார்த்துவிட்டு மெதுவாக உண்ணத் தொடங்கினார். நல்ல வளர்ப்பு, எங்களைப் போலவே மறுத்து மறுத்து ஏற்கிறார் என்று மனத்துக்குள் மெச்சிக்கொண்டேன்.

உண்டு முடித்ததும் அவர் சொன்னார்: தேவாலயத்தின் பெரிய ஓர்கனை விற்றுவிட்டார்கள். பக்கச் சிற்றாலயத்தில் இருந்த சிறிய ஓர்கனுக்கு ஆள் கிடைக்கவில்லை. அவர் தினமும் வாசித்தது அந்தச் சிறியதைத்தான். கழற்றிப் பெட்டிகளில் அடைத்து அனுப்பும் பொறுப்பைப் பழைய பங்கு மக்கள் ஏற்பார்கள். கட்டடத்தைக் கையளிக்கும் நாளுக்குள் எவரும் எடுக்காவிட்டால் குழாய்களை உருக்குவதற்கும் மரத்தைக் குப்பைக்கும் கொடுத்துவிடுவார்கள். "முப்பத்தொரு பேர் பாடும் இடத்தில் அது இருக்கட்டும். உங்களுக்கு வேண்டுமா?"

எனக்கு வேண்டும்தான். எங்கள் தேவாலயத்தின் மேல்மாடம் ஓர்கனுக்கென்றே கட்டப்பட்டது. கட்டியவர்களால் வாங்க முடியாமல் வெறுமையாகவே கிடந்தது. பங்குத்தந்தையும் மறுக்கமாட்டார். பத்தொன்பது ஆண்டுகளாகக் கீபோர்ட்டையும் அதிலிருந்து வரும் இயந்திரத் தாளத்தையும் சகித்துக்கொண்டிருந்தவன் நான்.

நான் சொன்ன பதில் இதுதான்: "அதெல்லாம் மிகப் பெரிய விடயம் அம்மையாரே. எங்களுக்கு எதற்கு?"

அவர் ஊருக்குத் திரும்பிய ஒரு வாரத்தில் மின்னஞ்சல் வந்தது. ஓர்கனின் படங்கள், உயரம், அகலம், நிறை, கட்டடம் கையளிக்கப்படும் திகதி யாவும் அதில் இருந்தன. முடிவில், ஆம் அல்லது இல்லை என்று எழுதினால் போதும் என்று கேட்டிருந்தார்.

இந்த இடத்தில் நான் ஏன் அப்படி நடந்தேன் என்பதை விளக்க முயல்கிறேன். ஒரு வீட்டுக்குப் போனால், தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று கேட்டவுடன் ஓம் என்று சொல்லும் பழக்கம் எங்களுக்கு இல்லை. முதலில் வேண்டாம் என்போம். வீட்டுக்காரர் மறுபடி கேட்பார். அப்போதும் சிரமப்பட வேண்டாம் என்போம். மூன்றாவது முறை கேட்கும்போது தேநீர் கையில் இருக்கும். கேட்ட மாத்திரத்தில் கையை நீட்டுபவன் பறக்காவெட்டி, பேராசைக்காரன். ஒரு குழுவின் தலைவன் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அத்தோடு, நாங்கள் இந்நாட்டுக்கு வந்த புதிதில் பிறர் தந்த போர்வையையும் கதிரையையும் வாங்கி வாழ்ந்தவர்கள். இனி எவரிடமும் முதற் சொல்லிலேயே எதையும் வாங்குவதில்லை என்று அன்றே தீர்மானித்திருந்தேன்.

ஆகவே மூன்று முறை எழுதித் திருத்தி, ஒரு கடிதம் தயாரித்தேன். அத்தகைய அரும்பொருளுக்கு எங்கள் எளிய குழு தகுதியற்றது என்றும், அது அவர்களுடைய மண்ணிலேயே தக்கவர் கையில் சேர்வதே சிறப்பு என்றும், அவர் எங்களை நினைத்ததே எங்களுக்குப் போதுமென்றும், இத்தகைய சுமையை அவர்மீது ஏற்ற எங்கள் மனம் இடம் கொடுக்காது என்றும் எழுதினேன். அதைத் தட்டச்சு செய்த என் மகள் பாதியில் நிறுத்தினாள்.

"அப்பா, உங்களுக்கு இது வேணுமோ வேண்டாமோ?"

"கடிதத்தை வாசித்தால் விளங்கும்."

"வாசிச்சுப் போட்டுத்தான் கேக்கிறன்."

"நீ அனுப்பு" என்றேன்.

மறுநாளே பதில் வந்தது. ஒரே வரி. உங்கள் தெளிவான பதிலுக்கு நன்றி என்று எழுதியிருந்தார்.

அந்த வரியை நான் பலமுறை வாசித்தேன். தெளிவான என்ற சொல் என்னை எங்கோ இடறியது. ஆயினும் நல்ல குடும்பத்தவர் உடனே வற்புறுத்தமாட்டார், சில நாள் விட்டு எழுதுவார் என்று காத்திருந்தேன். செயலாளர் ஒவ்வொரு பயிற்சியிலும் கேட்டார். "சேர், அந்த மனிசியிட்ட இருந்து ஏதும் வந்ததோ?" வரும் என்றேன். பங்குத்தந்தையிடம் பேசி, மேல்மாடத்தைத் துப்புரவு செய்யவும் ஏற்பாடு செய்தேன். இளைஞர்கள் ஆறு பேர் ஒரு சனிக்கிழமை முழுவதும் தூசு தட்டினார்கள்.

மூன்று வாரம் கடந்தும் ஒன்றும் வராததால், அவருடைய உடல்நலத்தை விசாரித்து நானே எழுதினேன். ஓர்கனைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. எழுதினால் கேட்டது போலாகிவிடும். அவர் நலமாக இருப்பதாகவும், கடையில் வசந்தகாலக் கன்றுகள் வந்து குவிந்திருப்பதாகவும் பதில் எழுதினார். கடைசியில், ஓர்கனை முந்திய செவ்வாய்க்கிழமை பிரித்துவிட்டார்கள் என்றும், காலையில் ஒரு மணி நேரம் தனியாக வாசித்தபின் ஆட்களுக்குக் கதவைத் திறந்துவிட்டதாகவும் இருந்தது.

அன்று மாலையே அவரைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர்களுக்கு அது காலை நேரம்.

"ஏதாவது மிஞ்சியிருக்கிறதா?" என்று கேட்டேன்.

"இல்லை. நீங்கள் வேண்டாம் என்று எழுதினீர்களே."

அது எங்கள் வழக்கம், முதல் வேண்டாம் மரியாதைக்குச் சொல்வது, நீங்கள் மறுபடி கேட்பீர்கள் என்றுதான் நான் காத்திருந்தேன் என்று ஒருவாறு சொல்லி முடித்தேன். அவர் கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். அழுவார் என்றும் அஞ்சினேன். அவர் உண்மையான அக்கறையோடு ஒரு கேள்வி கேட்டார்.

"அப்படியானால், உங்களுக்கு ஒன்று உண்மையாகவே வேண்டாமென்றால், அதை எப்படிச் சொல்வீர்கள்?"

நாற்பது ஆண்டுகள் வகுப்பறையில் நின்ற எனக்கு விடை தெரியவில்லை. யோசித்துப் பார்க்கிறேன் என்றேன்.

"எனக்கு அன்று அந்தக் கேக் வேண்டாம்" என்றார் அவர். "மூன்று முறை சொன்னேன். சாப்பிட்டேன். இரவு முழுவதும் வயிறு சரியில்லை."

நான் மன்னிப்புக் கேட்டேன். கேக்குக்கா ஓர்கனுக்கா என்று எனக்கே தெளிவில்லை. அவரும், தான் இன்னொரு முறை கேட்டிருக்கலாம் என்றார். ஆனால் அவர்களிடத்தில் ஒருவர் இல்லை என்ற பிறகு மறுபடி கேட்பது அவமரியாதையாம். இருவரும் மரியாதையாகவே நடந்திருக்கிறோம். அந்த மரியாதைகளுக்கு நடுவில் முப்பத்துநான்கு ஆண்டுகள் ஒலித்த ஒரு வாத்தியம் உருக்கப்பட்டுவிட்டது. யாரைக் குறை சொல்வது என்று அன்றும் எனக்குத் தெரியவில்லை. இன்றும் சரிவரத் தெரியவில்லை.

அடுத்த பயிற்சியின்போது குழுவிடம், ஓர்கன் வராது என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று கேட்டார்கள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டிருக்கையில், ஒருவர் தாமாகவே, "பழைய மரம் எல்லோ, பூச்சி வருமெண்டு இஞ்ச கொண்டுவர விடமாட்டாங்கள்" என்றார். நான் தலையை அசைத்தேன். ஆமென்றும் கொள்ளலாம், இல்லையென்றும் கொள்ளலாம், அப்படிப்பட்ட அசைவு. செயலாளர் மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர் வாகனத் தரிப்பிடத்தில், "சேர், நீங்கள் ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்" என்றார். அவருக்கு யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. என் மகளும் அவரும் ஒரே மருத்துவமனையில்தான் வேலை செய்கிறார்கள்.

அந்தத் தலையசைப்பு எங்கெல்லாம் போனது! ஈஸ்டர் உயிர்ப்புப் பெருவிழாவுக்குள் மரத்தில் புழு கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. மேய்ஸ் ஹில் முருகன் கோயிலுக்குப் போய் வரும் என் சைவ நண்பர் ஒருவர், துறைமுகத்தில் பெட்டிகளைத் திருப்பி அனுப்பிவிட்டார்களாமே என்று அனுதாபம் தெரிவித்தார். மெல்பேர்ன் ட்ருகனினாவில் இருக்கும் என் மைத்துனர், "அத்தான், உங்கட ஓர்கனைக் கப்பலோட வைச்சு எரிச்சுப் போட்டாங்களாம், மெய்யோ?" என்று அழைத்துக் கேட்டார். பாதுகாப்பு விதிகள் கடுமையானவை என்று பொதுவாகச் சொல்லி வைத்தேன். அது பொய்யல்ல. உண்மையுமல்ல என்பது எனக்குத் தெரியும். தலைவர் எவ்வளவோ பாடுபட்டார், அரசாங்கம்தான் கெடுத்துவிட்டது என்று சென்ற மாத ஒன்றுகூடலில் ஒருவர் ஒலிவாங்கியில் பேசினார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் எழுந்து கைகூப்பினேன். வீடு திரும்பிய பின் அதை எண்ணியெண்ணி என்னால் ஒரு வேலையும் செய்ய முடியவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

இப்போதும் யாராவது எதையாவது தர முன்வந்தால், வேண்டாம் என்ற சொல் என் வாயில் தானாகவே வந்து நிற்கிறது. அது எதைக் காப்பாற்றுகிறது, எதை உருக்கிவிடுகிறது என்று ஒரு கணம் நின்று பார்க்காமல் அதை வெளியே விட என்னால் முடிவதில்லை.

எங்கள் ஆட்கள் சொல்வது தவறு. ஓர்கனில் புழு இருக்கவில்லை. எந்த அதிகாரியும் எதையும் தடுக்கவில்லை. எந்தக் கப்பலிலும் அது ஏற்றப்படவில்லை. அந்த அம்மையார் வேண்டுமா என்று கேட்டார். நான் வேண்டாம் என்று எழுதினேன்.