இரண்டு மேசைகள் சேரும் இடத்தில்

நான் ஒரு மனிதனின் மண்டையை உடைத்திருக்கிறேன். பொம்மை ரயிலுக்காக.

ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு சின்னக் கல்யாண மண்டபம், ஞாயிற்றுக்கிழமை காலை. எங்கள் குழுவில் ஏழெட்டுப் பேர். ஆளுக்கொரு மேசை செய்து, அதன்மேல் மலை, பாலம், தண்டவாளம் அமைத்துக் கொண்டுவருவோம். எல்லாவற்றையும் ஒட்டிப் போட்டு இரும்புக் கிளாம்ப்பால் இறுக்கினால் ஒரே பாதை. மலை ரயில் ஓடும் குறுகிய பாதை. தண்டவாளத்தின் அகலம் ஒரு விரல்கூட வராது.

என் பித்தளை எஞ்சினை இரண்டு வருடம் உட்கார்ந்து செய்திருந்தேன். வங்கி வேலை முடிந்து மயிலாப்பூர் வீட்டுக்கு வந்தால் அதுதான் கதி. அன்று அதற்கு முதல் ஓட்டம். பக்கத்து மேசை, புதிதாகச் சேர்ந்த சைதாப்பேட்டை எலெக்ட்ரீஷியனுடையது.

எஞ்சின் அவர் பாலத்தைக் கடந்து என் மலைக்கு வந்தது. இரண்டு மேசைகளும் சேரும் இடத்தில் ஒரு துள்ளல். சரிந்து, மொசைக் தரையில் விழுந்து, புகைபோக்கி தனியே ஓடியது.

"உன் டேபிள் தூக்கியிருக்கு!" என்று கத்தினேன்.

"இல்ல சார், லெவல் பாத்துதான் போட்டேன். நீங்களே பாருங்க."

"உன்ன மாதிரி ஆளுங்கள உள்ள விட்டதே தப்பு."

அவர் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரை மெதுவாகக் கீழே வைத்தார்.

"இன்னா மாதிரி ஆளுங்க? சொல்லு."

காலரைப் பிடித்தார். என் கையில் கிளாம்ப் இருந்தது. யோசிக்காமல் அடித்தேன் என்று சொன்னால் பொய். ஓங்கித்தான் அடித்தேன்.

நெற்றி பிளந்து ரத்தம் அவர் கண்களை மூடியது. பார்வை இல்லாமலே குத்தினார். என் முன்பல் உடைந்து நாக்கில் கிடந்தது. இருவரும் மேசைமேல் விழுந்தோம். மலையும் பாலமும் எங்களுக்கு அடியில் நொறுங்கின. தரையில் கிடந்தபடி அவர் கழுத்தை நெரித்தேன். அந்த நேரத்தில் எஞ்சின் என் நினைவிலேயே இல்லை. அவர் மூச்சு நிற்க வேண்டும், அவ்வளவுதான். இன்றும் எனக்குப் பயம் அதை நினைத்துத்தான்.

குழுவிலிருந்த பல் டாக்டரம்மா என் முகத்தில் தண்ணீரைக் கொட்டி, என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார். எலெக்ட்ரீஷியன் நெற்றியில் துணியைக் கட்டிவிட்டு எஞ்சினைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"சக்கரம் ரெண்டும் நெருக்கமா இருக்கு. எந்த டேபிள்லயும் இது விழுந்திருக்கும்."

விழுந்ததில் நெருங்கியவை அல்ல. நான் அப்படித்தான் பற்றவைத்திருந்தேன்.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம், டாக்டரம்மா நடுவில். ஆறு தையல். எப்படி அடிபட்டது என்று கேட்டார்கள்.

"டேபிளுக்கு அடியில குனிஞ்சு எழுந்தேன். இடிச்சிகிச்சு," என்றார் அவர்.

வெளியே வந்ததும் கையை நீட்டினேன். அவர் பிடிக்கவில்லை.

"உனக்கோசரம் சொல்லல. அடிதடின்னு என் பொண்டாட்டிக்குத் தெரிஞ்சா, இந்தப் பக்கமே விட மாட்டா."

குழு என்னை ஒரு வருடம் விலக்கி வைத்தது. இப்போது மறுபடியும் போகிறேன். எங்கள் இருவருக்கும் நடுவில் டாக்டரம்மா தன் மேசையைப் போடுகிறார். எலெக்ட்ரீஷியன் தன் ரயில் என் மேசையைக் கடக்கும்போது மட்டும் எழுந்து கூடவே நடந்து வருவார். ரயிலைப் பார்ப்பதில்லை. என் கைகளைப் பார்க்கிறார்.