பெரும்பாறையிலிருந்து மதுரைக்கு: மாத்திரை மாறாமல் திரும்பிய பயணம்

போன புரட்டாசியில் மகள் ரேவதியின் ரத்தப் பரிசோதனை ரிசல்ட்டைப் பார்க்க அவளோடு மதுரைக்குப் போனேன். ஒன்றரை வருடமாக அவளுக்கு ரத்தப் புற்றுநோய். நம் மலையிலிருந்து இதே சோலியாகப் போகிறவர்களுக்கு உதவட்டுமே என்று எழுதுகிறேன். நான் பத்தாவது தாண்டாதவன். காபிச் செடியைக் கவாத்து பண்ணச் சொன்னால் சரியாகப் பண்ணுவேன். நோயைப் பற்றி எனக்குப் புரிந்த மட்டில்தான் சொல்ல முடியும்.

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் இருபத்து மூன்று ஜோடி குரோமோசோம் இருக்கிறதாம். இவள் எலும்பு மஜ்ஜையில் ஏதோ ஒரு செல்லில் ஒன்பதாம் நம்பரும் இருபத்திரண்டாம் நம்பரும் உடைந்து, துண்டுகளை மாற்றி ஒட்டிக்கொண்டன. அந்த ஒன்று பெருகிப் பெருகி நோயானது. பெற்றவர்களிடமிருந்து வருவதில்லை. இதெல்லாம் புரியாத நாளில், "என்னோட இருபத்திரண்டு நல்லாத்தான இருக்கு, அதை எடுத்து வைங்கம்மா" என்று மதுரை டாக்டரம்மாவிடம் கையை நீட்டியவன் நான்.

தினம் ஒரு மாத்திரை அந்தத் துண்டின் ஆட்டத்தை அடக்குகிறது. மருந்து நன்றாகக் கேட்டது. ஆனால் நாலு மாதமாக வாந்தி, கண் இமையெல்லாம் வீக்கம். இந்தத் தடவையும் குறையாவிட்டால் மாத்திரையை மாற்ற வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். கேட்கிற மருந்தை விட்டுவிட்டு, கேட்குமோ கேட்காதோ என்கிற மருந்துக்குப் போக வேண்டும். அந்தப் பயத்தோடுதான் வெள்ளனே பஸ் ஏறினோம்.

கண்டக்டர் தெரிந்தவர். "ஏலே, பொம்பளப் பிள்ளைக்கு டிக்கெட் கெடையாது, இந்தப் பைக்குப் போடணும்போல. தோட்டத்தையே தூக்கிட்டு வந்துட்டியா?" என்றார். பையில் டாக்டரம்மாவுக்குக் கொண்டுபோன பம்ளிமாஸ் பழங்கள். முன்வரிசையில் உட்காருங்கள், வளைவுகளில் வயிறு புரட்டாது. வத்தலக்குண்டு முப்பது கிலோமீட்டர் சொச்சம், ஒன்றரை மணி நேரம். அங்கே இட்லி சாப்பிட்டுவிட்டு மதுரை பஸ் பிடித்தால் இன்னொரு ஒன்றரை மணி.

ஆஸ்பத்திரியில் பார்த்தால், ரிசல்ட் நன்றாக இருந்தது. "உடைஞ்ச செல்லு இப்ப தேடினாத்தான் கெடைக்குது" என்றார் டாக்டரம்மா. பிறகு ரேவதியின் இமையைத் தொட்டுப் பார்த்து முகம் சுளித்தார். வேறு மாத்திரையின் பெயரை எழுதப் போனவர் முன்னால், பேச்சை மாற்ற, பையைத் தூக்கி வைத்தேன்.

"நம்ம தோட்டத்துதுங்கம்மா. இவளுக்கு மாத்திரை போட்டதும் வாய்க்கு நல்லதுன்னு தெனமும் நானே உரிச்சுக் குடுக்கேன்."

பேனா நின்றது. "தெனமுமா? எத்தனை மாசமா?"

"மரம் காய்ச்சதுல இருந்து. நாலு மாசம் இருக்குங்க."

இந்தப் பழம் மாத்திரையை உடம்பிலிருந்து கழியவிடாமல் தேக்கிவைக்குமாம். மருந்து அளவு கூடிப்போய், வாந்தியும் வீக்கமும் அதனால் வரலாமாம். பையை மெதுவாக என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"கசக்குது வேணாம்னு சொன்னேன் டாக்டர். ஒரு சுளை விடாம வாயில திணிச்சாரு. பாசம்!" என்றாள் ரேவதி.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "மாத்திரை அப்படியே இருக்கட்டும். பழத்தை நிறுத்திட்டு மூணு வாரம் கழிச்சு வாங்க. இந்தப் பை இங்கயே இருக்கட்டும். உங்கள நம்பித் திருப்பி அனுப்ப முடியாது."

மூன்று வாரம் கழித்துப் போனபோது வீக்கம் வடிந்திருந்தது. அதே மாத்திரை தொடர்கிறது.

போகிறவர்கள் கவனத்துக்கு: ரத்தம் கொடுத்து ரிசல்ட் வர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், இரண்டு நடை வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் கொடுக்கிற பழம், கஷாயம் எதுவானாலும், டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இப்போது சாப்பாட்டோடு மாத்திரை, பெரிய தம்ளரில் வெறும் தண்ணீர். உரிக்கப் பழம் இல்லாததால், அவள் விழுங்குகிற வரை தம்ளரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். "நான் என்ன சின்னப்பிள்ளையாப்பா? வெரசா போய் வேலையப் பாருங்க" என்கிறாள். நான் கேட்டபாடில்லை.