கழுவி அனுப்பிய மீன்கழிவு

எங்கள் கல்குவாரி முகாமுக்குக் குப்பை வண்டி வராது. மலையடிவாரம், பாதி வழி மண்சாலை. புதைத்தால் காட்டுப்பன்றி கிளறிவிடும். குழியில் கொளுத்தியபோது ரப்பர் தோட்டத்து வீடுகளுக்கெல்லாம் புகை போனது. அதனால் எரியுலை வாங்கினார்கள்; அதை ஓட்ட என்னை எடுத்தார்கள். கீழறையில் குப்பை எரியும். அதன் புகையை மேலறைத் தீ மறுபடி எரித்துவிடும். வெளியே புகைபோக்கியில் ஒன்றும் தெரியக் கூடாது.

வெள்ளிக்கிழமை மட்டும் புகை தெரிந்தது. அன்றுதான் முகாமில் மீன்.

"இன்னொரு வெள்ளி புகைஞ்சா மீன நிப்பாட்டிருவேன்" என்றார் முகாம் பொறுப்பாளர்.

சமையல்காரர் குளச்சல்காரர், என் அப்பா வயது. வாரம் முழுக்கச் சாம்பார் வைப்பது அந்த ஒரு நாளுக்காகத்தான்.

"சாம்பாருக்கு எவன் மக்ளே ரெண்டாம் சோறு கேப்பான்?" என்றார் என்னிடம். முகம் வாடியிருந்தது.

சோதித்துப் பார்க்கப் பட்டியல் போட்டேன்: பர்னர், டீசல் வடிகட்டி, காற்று, கதவு, குப்பையின் அளவு. எல்லாம் சரி. அடுத்த வெள்ளி காலையில் சமையலறைக்கே போனேன். மீன் தலை, குடல், செதில் எல்லாவற்றையும் சாக்கோடு குழாயடியில் வைத்து அலசிக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணாச்சி, குப்பையையா கழுவுதிய?"

"பின்ன? படிச்ச பிள்ள, நாத்தம் பிடிச்ச சாக்க ஒனக்க கையில தரவா? மூணு தண்ணி விட்டுல்லா அனுப்புதேன்."

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த ஈரத்தை விரட்டவே கீழறைச் சூடெல்லாம் போய்விடும். பாதி வெந்த கழிவு மேலறையும் சமாளிக்க முடியாத அளவுக்குப் புகையும்.

"புகைக்குக் காரணமே இந்தத் தண்ணிதான், அண்ணாச்சி."

குழாயை மூடினார். "ஏட்டி, இத மொதல்லயே சொல்லப்படாதா?"

குப்பையைக் கழுவுவார் என்று நான் எந்தப் பட்டியலில் எழுதியிருப்பேன்?

கழிவை ஓலைக் கடவக் கூடையில் கொட்டி, காக்கைக்கு வலை மூடி, மாலை வரை வடியவிட்டோம். மேலறை நன்றாகச் சூடேறிய பிறகு, காய்ந்த தேங்காய்ச் சிரட்டையோடு கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டேன். பொறுப்பாளரும் வந்து சேர, மூவரும் அண்ணாந்து நின்றோம். புகைபோக்கிக்கு மேலே சூட்டில் வானம் நெளிந்தது, வேறொன்றும் இல்லை.

பொறுப்பாளர் தொண்டையைச் செருமினார். "அடுத்த வெள்ளி என்ன மீனு?"

"நெய்மீன் கிடைச்சா நெய்மீன். இல்லேன்னா சாளை."

அடுத்த வெள்ளி சாக்கு நாறிக்கொண்டே வந்தது. பின்னாலேயே அவரும் வந்தார், ஒரு கையில் செம்புத் தண்ணீர், மறு கையில் பாதி எலுமிச்சம்பழம்.

"சாக்கத்தான கழுவப்படாது? கையக் கழுவலாம்லா, நீட்டு."