நான்தான் நான் என்று சொன்னவர்

பதுளையிலிருந்து வரும் பஸ் திரும்பிப் போகும் கடைசி இடம் எங்கள் தேயிலைத் தோட்டம். அதன் ஆபீசில் நான் கிளாக்கர். அன்று காலை, தலைமை ஆபீஸ் அனுப்பியது போன்ற ஒரு மின்னஞ்சலில் பாஸ்வேர்டைக் கேட்டிருந்தார்கள். பணிவானவன், கொடுத்துவிட்டேன். சற்று நேரத்தில் திரை சிவந்து, கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டதாக ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு வந்தது.

நிதானமானவர்கள் போனை எடுப்பார்கள். நான் வெளியே ஓடி, மின்சாரச் சுவர்ப் பெட்டியில் இருந்ததிலேயே பெரிய கைப்பிடியைக் கீழே இழுத்தேன். கம்பியூட்டர் அணையவில்லை, அதற்கு பேட்டரி இருந்தது. பக்கத்துத் தொழிற்சாலையில் கொழுந்தை வாட்டும் காற்றாடிகள் அத்தனையும் நின்றன. தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீ மேக்கர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். அவற்றை மறுபடி ஓடவிட்டபடியே அவர் சொன்னது அச்சில் ஏறாது.

நான் ஓடுவதற்கு முன்பே பாதுகாப்பு மென்பொருள் என் கம்பியூட்டரை மற்றவற்றிலிருந்து துண்டித்து, என் கணக்கையும் முடக்கிவிட்டதாம். மதியத்துக்குள் கொழும்புத் தலைமை ஆபீசில் கம்பியூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் ஒரு மிஸ் கோப்புகளைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தார். மீளாதது நான் மட்டும்தான். என் பெயரில் வேறு யாரோ நுழைந்திருந்ததால், நான்தான் நான் என்று நிரூபிக்க வேண்டுமாம். வெளியே தேயிலை ஏற்றிய லொறி நின்றது. என் கணக்கிலிருந்து அனுப்புச் சீட்டு வராமல் அது கேட்டைத் தாண்டாது. நாலு மணிக்குள் கிளம்பாவிட்டால் அந்த வார ஏலமும் போய்விடும்.

போன் கெமராவில் மிஸ்ஸுக்கு முகத்தையும் அடையாள அட்டையையும் காட்டினேன். அட்டையில் இருந்தவனுக்குத் தலைமுடி இருந்தது. என்னைத் தெரிந்த இன்னொரு உத்தியோகத்தர் சொன்னால் போதும் என்றார் மிஸ். தோட்ட மேனேஜர் துரை பண்டாரவளைக்குப் போயிருந்தார், பெரிய கிளாக்கர் லீவு. மிச்சம் டீ மேக்கர்.

அவர் வந்து, என் முகத்தை அட்டையோடு நிதானமாக ஒப்பிட்டார்.

"இவரயா? எனக்குத் தெரியாதுங்களே."

"அண்ணே, லொறியில இருக்கிறது நீங்க போட்ட தேயிலண்ணே."

வெளியே ஹோர்ன் சத்தம் கேட்டது. அவர் போனைப் பார்த்துத் திரும்பினார்.

"அவரேதாங்க மிஸ். வேற ஆளா இருந்தா மெயின் சுவிட்சுக்கு இவ்வளவு வேகமா ஓடியிருக்க மாட்டான்."

நாலு அடிக்கப் பத்து நிமிடம் இருக்க லொறி கேட்டைத் தாண்டியது. மறுநாள் சுவர்ப் பெட்டிக்குப் பூட்டு விழுந்தது. சாவி டீ மேக்கரிடம். என் புதிய பாஸ்வேர்டையும் இரண்டு தடவை கேட்டுப் பார்த்தார், நான் சொல்லவில்லை.