நெருப்பில்லாமல் ஓடிய தண்ணீர்

நான் ஐந்தாம் வகுப்பு மட்டும் படித்தவள். எழுத்துக் கோணும். நினைவும் இப்போது அடிக்கடி தவறுகிறது. பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

எண்பதுகளின் நடுப்பகுதி. நியூசிலாந்தின் ஓக்லாந்தில், கிளென்ஃபீல்டில், மகளோடும் மருமகனோடும் இருந்தேன். அந்த வீட்டை எங்களுக்கு விற்ற வெள்ளைக்காரர் வீட்டைச் சூடாக்க அறைக்கு அறை இரும்பு ரேடியேட்டர் பூட்டியிருந்தார். சலவை அறையில் இருந்த காஸ் பொயிலர் தண்ணீரைச் சூடாக்கும். பம்ப் அதைக் குழாய்களில் சுற்றவிடும்.

ஒரு குளிர்காலச் சனிக்கிழமை, ஒழுகிய ரேடியேட்டரை மாற்றவென்று மருமகன் எல்லாத் தண்ணீரையும் வெளியே விட்டார். கறுப்பாய் வந்தது.

"உள்ளுக்கு இரும்பு கரையுது மாமி. இந்த முறை மருந்து விட்டுத்தான் நிரப்ப வேணும்," என்றார். துருப்பிடிக்காமல் தடுக்கிற இன்ஹிபிட்டரைத்தான் மருந்து என்றார்.

புது ரேடியேட்டரைப் பூட்டி முடித்த நேரம் டெலிபோன் அடித்தது. கொழும்பிலிருந்து என் கணவரின் தம்பி. யாழ்ப்பாணத்தில் கணவர் நித்திரையிலேயே போய்விட்டாராம். மறுநாள் காலை எடுக்கிறார்களாம். நான் போய்ச் சேர வழியில்லை. அழுகை வரவில்லை. தரையில் கிடந்த ஈரத்துணியை எடுத்துப் பிழிந்தேன்.

செத்த வீட்டில் உடலை எரிக்கும்வரை அடுப்பு மூட்டுவதில்லை. ஊரில் இருந்திருந்தாலும் நான் வாசல் படலையோடு நின்றிருப்பேன். சுடலைக்குப் பெண்கள் போவதில்லை. இங்கிருந்து அவருக்கு நான் செய்யக்கூடியது இது ஒன்றுதான். பொயிலருக்குள்ளும் நெருப்புத்தானே. மருமகனிடம் சொல்லக் கூச்சம். எரித்து முடியும்வரை அதை மூட்ட வேண்டாமென்று மகளிடம் மெல்லச் சொன்னேன்.

"அம்மா, அது அடுப்பில்லை. குளிரில நீங்களும் போகப்போறியளோ?"

மருமகனுக்குக் கேட்டுவிட்டது.

"வெறுமையா விட்டா ஈரத்தில துருப்பிடிக்கும் மாமி, நிரப்பத்தான் வேணும். ஆனா நெருப்பில்லாமலும் பம்ப் ஓடும். மருந்து கலந்தாக் காணும், அவ்வளவு போதும்."

"ஓம் தம்பி," என்றேன்.

அவர் கூரைக்குள் ஏறி, அங்கிருந்த சின்னத் தொட்டியில் மருந்தை ஊற்றித் தண்ணீரைத் திறந்தார். நான் கீழே கோப்பையும் துணியுமாய், ரேடியேட்டரின் மேலே காற்றை வெளியே விடும் திருகாணியைச் சாவியால் இளக்கிவிட்டு நின்றேன்.

"காத்துப் போகுதோ மாமி?"

"போகுது."

"தண்ணி வந்தாச் சொல்லுங்கோ."

"வந்திட்டுது."

"பூட்டுங்கோ. மற்றதுக்குப் போங்கோ."

பிறகு பம்பைப் போட்டார். மகள் ஓவர்கோட்டோடு வந்து நின்றாள். "இஞ்சேரப்பா, எங்களுக்குப் பல்லுக் கிட்டுது, நீங்கள் இரும்புக்கு வைத்தியம் பாக்கிறியள்," என்று புருஷனிடம் சொன்னாள். ஆனாலும் பொயிலரைப் போடச் சொல்லவில்லை.

நகரின் மறுபக்கம் த்ரீ கிங்ஸில் இருந்த ஒரு தமிழ்க் குடும்பம் சோறு கறி கொண்டுவந்தது. சாப்பிட்டேன். ருசி தெரியவில்லை. ரேடியேட்டரில் கை வைத்துக்கொண்டு இருந்தேன். உள்ளே குளிர்ந்த தண்ணீர் ஓடியது. கை விறைத்தது. எடுக்கத் தோன்றவில்லை.

மறுநாள் பின்னேரம் கணவரின் தம்பி திரும்ப டெலிபோன் எடுத்தார். "முடிஞ்சுது அண்ணி," என்றார்.

மருமகன் சலவை அறை வாசலில் நின்றார். "பத்த வைக்கட்டோ மாமி?"

தலையாட்டினேன்.

நான் எழுதியதில் மருந்து முதலா, தண்ணீர் முதலா என்பதை மருமகன் ஒருமுறை சரிபார்க்கட்டும். அங்கே எத்தனை மணிக்குக் கொள்ளி வைத்தார்கள் என்று நான் அன்று கேட்கவில்லை. கணவரின் தம்பி சொன்னால் அதையும் யாராவது இதில் சேர்த்து எழுதிவிடுங்கள்.